நற்சாட்சி யார் கொடுப்பது?

அன்புள்ள அண்ணா,

தாராவி 90 அடி சாலைப் பக்கம் ஒரு தையல் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இரட்சிக்கப்படுவதற்கு முன் பீஸ் கணக்கில் டெய்லர்களை ஏமாற்றியிருக்கிறேன். 120 தைத்தவனுக்கு 110 என்று எழுதி, மிச்சக் கூலியை நான் எடுத்துக்கொள்வேன். இப்போது அதெல்லாம் இல்லை. போன மாதம் சபையில் என் வாழ்க்கை மாறியதைச் சாட்சியாகச் சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பட்டறையில் மட்டும் இன்னும் என்னை ‘சோர்’ (இந்தியில் திருடன்) என்கிறார்கள். எனக்கு எப்போது நல்ல பெயர் கிடைக்கும்?

ஒரு வாசகர், மும்பை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தேடினேன். இரண்டு முறை படித்தும் கிடைக்கவில்லை. எடுத்த கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா?

வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவனாயிருந்த சகேயு, இயேசுவைச் சந்தித்தபோது, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்புவதாகவும் சொன்னான். அதற்குப் பிறகு எரிகோ ஊர் அவனைப் பற்றி என்ன பேசியது என்று லூக்கா சுவிசேஷம் 19-ஆம் அதிகாரத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. இதை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். பெயர் மாறுமா என்று கேட்டுக்கொண்டு அவன் கொடுக்கவில்லை.

நாம் சபையில் சாட்சி ‘சொல்கிறோம்’. நற்சாட்சியோ ‘பெறுவது’. சபையை நடத்தும் கண்காணியாக இருப்பவன், புறம்பானவர்களால், அதாவது சபைக்கு வெளியே இருப்பவர்களால், நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதுகிறார். பட்டறையில் நீங்களும் கண்காணிதானே? மெஷின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பீகார், உ.பி. பையன்கள்தான் உங்களுக்கு அந்தப் புறம்பானவர்கள். யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற விசுவாசி இறந்து கிடந்தபோது, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளை விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டினார்கள். அவளுக்காகப் பேசியது அந்தத் துணிகள். தையல் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பழைய நோட்டை எடுங்கள். ஆள் ஆளாகக் கணக்குப் போடுங்கள். சரியாக நினைவில்லாத இடத்தில் அவர்கள் பக்கம் கூட்டியே போடுங்கள். ஊருக்குத் திரும்பிப் போனவர்களையும் விட்டுவிடாதீர்கள், நம்பர் யாரிடமாவது இருக்கும், ஜிபே செய்யலாம். மொத்தமாக முடியாவிட்டால் மாதாமாதம் கொடுங்கள். கொடுக்கும்போது பிரசங்கம் வேண்டாம். “உன் கூலியை நான் எடுத்தேன், இது உன்னுடையது” என்று அவன் பாஷையிலேயே சொன்னால் போதும். அப்புறம், இனி பீஸ் எண்ணும்போது தைத்தவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

சிலர் அப்போதும் ‘சோர்’ என்பார்கள். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். இழந்தது அவர்கள்.

முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.