பெறாமக்கள் வந்தும் பெனிஃபிட் கூடவில்லை: பெரிய வீட்டுக்கு மாறலாமா?

கேள்வி: ஐயா, லண்டன் ஹாரோவில் இரண்டு அறை ஃப்ளாட்டில் பிரைவேட் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை மாதம் 1,550 பவுண்ட். நான், கணவர், 12 வயது மகள். எல்லோரும் பிரிட்டிஷ் சிட்டிசன்கள். என் அக்கா தவறி 5 மாதம் ஆகிறது. அவளுடைய மகனும் (13) மகளும் (8) அன்றிலிருந்து எங்களோடுதான். அத்தான் மூன்று வருடமாக எங்கே என்று யாருக்கும் தெரியாது. கணவரின் கடை மூடி ஒன்றரை வருடம், இன்னும் வேலை கிடைக்கவில்லை. நான் ஸ்கூல் கேன்டீனில் வாரம் 12 மணிநேரம் வேலை செய்கிறேன். பிள்ளைகளை யுனிவர்சல் கிரெடிட்டில் (குறைந்த வருமானக்காரருக்கான அரசு உதவித்தொகை) சேர்த்தேன், ஆனால் கைக்கு வரும் காசு ஒரு பென்னி கூடவில்லை. அக்காவின் மகன் ஹோலில் சோபாவில் படுக்கிறான். ஹவுசிங் பெனிஃபிட் எடுத்து நான்கு அறை வீட்டுக்கு மாறலாமா?

பதில்: இப்போதைக்கு வீட்டு ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காசு ஏன் கூடவில்லை என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

நீங்கள் கேட்கும் ஹவுசிங் பெனிஃபிட் இப்போது பெரும்பாலும் பென்ஷன் வயதுக்காரருக்குத்தான். உங்கள் வயதில் வாடகை உதவி யுனிவர்சல் கிரெடிட்டுக்குள்ளேயே வருகிறது. எத்தனை அறைக்குத் தருவார்கள் என்பதை ஆட்களின் வயதும் ஆண் பெண் வேறுபாடும் முடிவு செய்யும். தம்பதிக்கு ஒன்று. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட இரண்டு பெண் பிள்ளைகள் ஓர் அறையைப் பகிர வேண்டும், ஆகவே உங்கள் மகளுக்கும் பெறாமகளுக்கும் ஒன்று. 13 வயதுப் பையனுக்குத் தனியாக ஒன்று. மொத்தம் மூன்று. உங்கள் மகளுக்கு 16 ஆகும்போதுதான் நான்காவது வரும், அதற்கு மேல் யாருக்கும் இல்லை.

சரி, இரண்டு பிள்ளைகள் கூடியும் காசு ஏன் கூடவில்லை? உங்களைப் பிடித்து வைத்திருப்பது பெனிஃபிட் கேப், அதாவது உதவித்தொகைகளுக்கான உச்சவரம்பு. லண்டனில் தம்பதிக்கோ பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கோ வருடத்துக்கு 25,323 பவுண்ட், அதாவது மாதம் சுமார் 2,110. யுனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட் எல்லாம் சேர்த்து இதற்கு மேல் போனால் போன அளவை வெட்டிவிடுவார்கள். நீங்கள் மூன்று பேராக இருந்தபோதே அந்தக் கோட்டைத் தொட்டிருப்பீர்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் மாதம் 292.81 வீதம் 585.62 பவுண்ட் கணக்கில் ஏறியிருக்கும், அதே வேகத்தில் கேப் அதை விழுங்கியிருக்கும். (எல்லாம் 2025-26 கணக்கு.) உங்கள் ஸ்டேட்மென்டைத் திறந்து கழிவுகள் பகுதியைப் பாருங்கள், அங்கே பெனிஃபிட் கேப் என்று எழுதியிருக்கும். இந்த நிலையில் மூன்று அறை வீட்டுக்கு மாறினால், ஏறும் வாடகை முழுவதும் உங்கள் சாப்பாட்டுக் காசிலிருந்துதான் போகும்.

'மூன்றாவது பிள்ளைக்குக் காசு இல்லை' என்று யாராவது சொல்லியிருந்தால் அதை விடுங்கள். அந்த இரண்டு பிள்ளை வரம்பு 2026 ஏப்ரலிலிருந்து இல்லை.

கேப்பைத் திறக்க உங்களிடம் ஒரு சாவி இருக்கிறது. அதன் பெயர் கார்டியன்ஸ் அலவன்ஸ். பெற்றோர் இருவரும் இறந்த பிள்ளைகளை வளர்ப்பவருக்கும், ஒருவர் இறந்து மற்றவரைத் தேடியும் கண்டுபிடிக்க முடியாத பிள்ளைகளை வளர்ப்பவருக்கும் கிடைப்பது. 2025-26 கணக்கில் பிள்ளைக்கு வாரம் 22.10 பவுண்ட். தொகை சின்னதுதான். ஆனால் இதை வாங்கும் குடும்பத்துக்குப் பெனிஃபிட் கேப் பொருந்தாது! நம் ஆட்களில் பலர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள்.

அதை எடுக்க முதலில் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சைல்ட் பெனிஃபிட் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நீங்கள் அதை எழுதவே இல்லை, எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். இந்த வாரமே விண்ணப்பியுங்கள். அதுவும் கார்டியன்ஸ் அலவன்ஸும் மூன்று மாதத்துக்குத்தான் பின்னோக்கித் தருவார்கள். உங்களுக்கு ஏற்கெனவே 5 மாதம் ஆகிவிட்டது. கார்டியன்ஸ் அலவன்ஸுக்கான படிவம் பி.ஜி.1. அக்காவின் இறப்புச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் தேவைப்படும்.

அத்தானைத் தேடிய கதைதான் முக்கியம். ஒரு கொப்பி எடுத்து எழுதுங்கள்: அவருடைய அம்மாவை எந்தத் தேதியில் கேட்டீர்கள், பழைய வேலையிடத்தில் என்ன சொன்னார்கள், எந்த நம்பருக்கு அடித்து எடுக்கவில்லை. உறவில் யாருக்காவது அவர் இருக்கும் இடம் தெரிந்தால், தெரியாது என்று எழுத வேண்டாம். நாளைக்கே பாரிஸிலிருந்து வைபரில் அழைத்தாலும் அறிவிக்கத்தான் வேண்டும்.

அலவன்ஸ் கிடைத்த கடிதத்தை அன்றே உங்கள் யுனிவர்சல் கிரெடிட் ஆன்லைன் கணக்கில் உள்ள ஜேர்னலில் போடுங்கள். நமக்குச் சாதகமான மாற்றத்தைத் தாமதமாகச் சொன்னால், பொதுவாகச் சொன்ன மாதத்திலிருந்துதான் கணக்கு. மூன்று அறைக் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

அத்தான் இருக்கும் இடம் தெரிய வந்து இது கிடைக்காமல் போனால் இன்னொரு வழி உண்டு. நீங்களும் கணவரும் சேர்ந்து கையில் மாதம் 846 பவுண்ட் (2025-26 கணக்கு) சம்பாதித்தால் கேப் விலகும். அது வாரம் 16 மணிநேரத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம். ஆனால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வந்தால் 16 மணிநேரம் போதாது, பெரும்பாலான மாதங்களில் அதே கணக்கில் 781 பவுண்ட்தான் வரும். பென்ஷன் பிடித்தமும் இருந்தால் 19 மணிநேரமாவது கேளுங்கள்.

கேப் போன பிறகு வீட்டைப் பார்ப்போம். மூன்று அறைக்கான லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் ரேட் (பிரைவேட் வாடகைக்குக் கணக்கில் எடுக்கும் உச்சத் தொகை) உங்கள் 1,550-க்கு மேல் இருந்தால், வீடு மாறாமலேயே இப்போதைய வாடகை முழுக்கக் கணக்கில் எடுக்கப்படும். போஸ்ட்கோட் போட்டு அரசாங்கத் தளத்தில் பார்க்கலாம். அந்தப் பகுதி வாடகைகளைச் சின்னதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தினால் நூற்றில் 30-ஆவது எதுவோ அதை வைத்து 2024 ஏப்ரலில் போட்ட ரேட், பிறகு ஏற்றவில்லை. ஆகவே ரேட்டுக்குள் வரும் வீடு கிடைப்பது கஷ்டம். மாதம் 1,900 வாடகை என்றால் 5 வார டெபாசிட் 2,192, முதல் மாத வாடகை வேறு: 4,092 பவுண்ட் கையில் இல்லாமல் சாவி வராது. கவுன்சிலில் டெபாசிட் உதவி கேளுங்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள், பெனிஃபிட் வாங்குகிறீர்கள் என்று வீட்டுக்காரர் மறுப்பதை இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் சட்டமே தடுக்கிறது.

கவுன்சில் வீட்டு லிஸ்டிலும் பெயர் கொடுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். 1985 வீட்டுச் சட்டம் ஹோலையும் படுக்கும் அறையாக எண்ணுகிறது, 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை அரை ஆளாக எண்ணுகிறது. அந்தக் கணக்கில் நீங்கள் நாலரைப் பேர், உங்கள் வீடு ஐந்து பேருக்குப் போதும்! பையனின் சோபா சட்டத்தின் கண்ணுக்குப் படுக்கை. கவுன்சிலின் சொந்த விதிகள் படுக்கையறையைத்தான் எண்ணும், அதில் உங்களுக்கு ஒன்று குறைவு என்று வரலாம்.

இன்னொன்று, பிள்ளைகளை உங்களிடம் கொண்டுவந்து விட்டது சோஷல் வேர்க்கரா, நீங்களாகவே கூட்டி வந்தீர்களா? கவுன்சில் விட்டது என்றால் அவர்கள் கவுன்சிலின் பொறுப்பில் உள்ள பிள்ளைகளாக இருக்கலாம். அப்படியானால் வளர்ப்புக் காசு கவுன்சில் தர வேண்டும், மேலே சொன்ன கணக்கு முழுதும் மாறும். நீங்களாகக் கூட்டி வந்திருந்தால் ஸ்பெஷல் கார்டியன்ஷிப் ஆர்டர் (பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை உங்களுக்குத் தரும் நீதிமன்ற உத்தரவு) பற்றி ஒரு சொலிசிட்டரிடம் கேளுங்கள். அதற்குக் கவுன்சில் அலவன்ஸ் தந்தால் யுனிவர்சல் கிரெடிட் அதை வருமானமாகப் பிடிக்காது. கின்ஷிப் என்ற அறநிறுவனம் இதற்கென்றே இலவச ஆலோசனை தருகிறது.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: நமக்கு அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையும் சித்திதான், ஆனால் பிரிட்டிஷ் சட்டத்தில் அவர் நெருங்கிய உறவு இல்லை. அப்படியானவர் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை 28 நாள் அல்லது அதற்கு மேல் வைத்திருக்கப் போகிறார் என்றால் கவுன்சிலுக்கு அறிவித்தாக வேண்டும். உங்கள் விஷயத்தில் நீங்கள் கூடப்பிறந்த தங்கை, அந்தக் கவலை இல்லை.