பீடிக்கு மாத்திரை பரிகாரமா?

கே: வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ராத்திரி வலையை இறக்கிவிட்டு உட்கார்ந்தால் பீடிதான். சிங்கப்பூரில் இருக்கும் மகன், "அப்பா பீடியை விடமாட்டார், இதையாவது போடட்டும்" என்று ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை டப்பா ஒன்று அனுப்பியிருக்கிறான். மேலே 'பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம்' என்று போட்டிருக்கிறது. தினமும் கொடுக்கலாமா டாக்டரம்மா?
- வாசகி, பாம்பன்

ப: வேண்டாம் தங்கச்சி. பீடி குடிக்காத ஆளாக இருந்தால் 'காசுக்குத் தண்டம்' என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். குடிக்கிறவர் என்பதால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

உங்கள் மகன் நினைத்ததைத்தான் ஒரு காலத்தில் பெரிய ஆராய்ச்சியாளர்களும் நினைத்தார்கள். காய், பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது. சரி, அதிலிருக்கும் பீட்டா கரோட்டினை மட்டும் மாத்திரையாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று பின்லாந்தில் இறங்கினார்கள். புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் அந்த ஆய்வில் இருந்தார்கள். பாதிப் பேருக்குத் தினம் 20 மில்லிகிராம். 1994-ல் முடிவு வந்தது: மாத்திரை போட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில் வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே 28 சதவீதம் அதிகம் என்று தெரிந்ததும் 1996-ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆன்டிஆக்சிடன்ட் என்றால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள். அந்த 'ஆக்சிஜனேற்றம்' என்றதும் பயப்படுகிறோம். மழைக்காலத்தில் சாளைக் கருவாடு மஞ்சள் பூத்து, சிக்கு வாடை அடிக்குமே, கொழுப்பில் நடக்கும் அந்த வேலைதான் அது. உடம்புக்குள்ளும் நடக்கிறது, பீடிப் புகை அதைக் கூட்டுகிறது. ஆனால் நம் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதும் அதே ஆயுதத்தால்தான். அதனால் அடியோடு அடக்குவது நம் நோக்கமில்லை. அளவாக வைத்துக்கொள்ள உடம்பிலேயே நொதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குச் செலினியம் வேண்டும். அது உங்கள் வீட்டு மீன் குழம்பிலேயே கிடைக்கிறது.

'முருங்கைக்கீரையிலும் அதே பீட்டா கரோட்டின் இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது, தாராளமாகப் போடுங்கள். அந்தப் பின்லாந்து ஆய்விலேயே, மாத்திரை இல்லாமல் சாப்பாட்டில் அதை அதிகம் எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகத்தான் இருந்தது. கீரையைக் கொஞ்சம் நல்லெண்ணெயில் வதக்கித் தேங்காய்ப்பூ போடுங்கள். கொழுப்போடு சேர்ந்தால்தான் அந்தச் சத்து உடம்பில் ஒட்டும். புகைபிடிக்கிறவர்களுக்கு வைட்டமின் சி கூடுதலாகத் தேவை. படகுக்குச் சோறு கட்டும்போது இரண்டு நெல்லிக்காயும் வைத்துவிடுங்கள்.

இதெல்லாம் பீடிக்குப் பரிகாரம் என்று அவர் நினைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விட நினைத்தால் 1800-11-2356 என்ற மத்திய அரசின் இலவச எண்ணில் பேசலாம். அவர்தான் பேச வேண்டும், நீங்கள் அல்ல. மகனிடம், அடுத்த முறை அந்தக் காசை அனுப்பச் சொல்லுங்கள்.

கே: வாங்கி வைத்த முண்டு வத்தல் நிறம் வெளுத்துவிட்டது. சத்தும் போயிருக்குமா?
- வாசகர், தேவிபட்டினம்

ப: புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர் மிளகாயாச்சே, கவலை இருக்கத்தான் செய்யும்! அந்தச் சிவப்பும் பீட்டா கரோட்டின் வகையறாதான். வெளிச்சமும் காற்றும் பட்டால் சிதையும். வெளுத்த அளவுக்கு அது குறைந்திருக்கும். காரம் அவ்வளவு சீக்கிரம் போகாது. நாம் சாப்பிடும் மிளகாயின் அளவுக்கு இது பெரிய நஷ்டமும் இல்லை. அடுத்த முறை நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வையுங்கள். உள்ளே கறுத்துப் பூத்திருந்தால் மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். அது பூஞ்சை, வறுத்தாலும் அதன் நஞ்சு முழுதாகப் போகாது.