ஐரோப்பாவில் கிறிஸ்தவ நம்பிக்கை குறைய அறிவியல்தான் காரணமா? பொது அடையாளமும் போய்விட்டதா?

ஐரோப்பா முழுக்க ஒரே பதில் செல்லாது. நான் வேலை பார்க்கும் அயர்லாந்தை வைத்துச் சொல்கிறேன்.

இங்கே அறிவியல் படித்துவிட்டுக் கோயிலை விட்டவர்களைவிட, கோபத்தில் விட்டவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. 1922இல் தனி நாடு அமைந்தபோது பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெரும்பாலும் திருச்சபை கையில் இருந்தன. அரசும் அப்படியே விட்டுவிட்டது. கேள்வி கேட்க ஆளில்லாத அதிகாரம் என்ன செய்யுமோ அதுதான் நடந்தது. 'கெட்டுப்போனவள்' என்று முத்திரை குத்தப்பட்ட பெண்கள் கன்னியாஸ்திரீகள் நடத்திய சலவைக்கூடங்களில் கூலியில்லாமல் உழைத்தார்கள். கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996இல்தான்! 2009இல் இரண்டு விசாரணை அறிக்கைகள் வந்தன. ஒன்று, துறவற சபைகளின் விடுதிகளில் குழந்தைகள் பட்ட சித்திரவதையைச் சொன்னது. இன்னொன்று, குற்றம் செய்த சாமியார்களை (பாதிரியார்களை) திருச்சபையின் டப்ளின் மறைமாவட்டம் மூடி மறைத்ததைச் சொன்னது.

1979இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்தபோது டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் பத்து லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். 2018இல் அதே இடத்துக்கு போப் பிரான்சிஸ் வந்தபோது கூட்டம் அதில் கால்வாசிகூட இல்லை. அந்த ஆண்டு மே மாதம்தான் கருக்கலைப்புத் தடையை நீக்க 66 சதவீதம் பேர் வாக்களித்திருந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் 2011இல் 84 சதவீதம், 2022இல் 69.

சரி, அந்த 69 சதவீதம் பேரும் ஞாயிறு பூசைக்குப் போகிறார்களா என்றால், இல்லவே இல்லை. ஆனால் பிள்ளைக்கு ஏழெட்டு வயதானால் புதுநன்மை, அதாவது பூசையில் முதன்முறை நற்கருணை அப்பம், வாங்கியே ஆகவேண்டும். வெள்ளை உடை, விருந்து, உறவினர் கொடுக்கும் காசு என்று வீடே அமர்க்களப்படும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. தொடக்கப் பள்ளிகளில் பத்துக்கு ஒன்பது இன்னும் கத்தோலிக்க நிர்வாகத்தில்தான் இருப்பதும் இதற்கு ஒரு காரணம். அரசுத் தொலைக்காட்சியில் இன்றும் மாலை 6 மணிச் செய்திக்கு முன்னால் கத்தோலிக்கரின் மூவேளைச் செப மணி அடிக்கிறது.

ஆகவே அடையாளம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஊர்ப்புறங்களில் அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் (Gaelic) கால்பந்து மன்றங்கள் பெரும்பாலும் பங்கு எல்லையை, அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதியை, வைத்தே பிரிந்திருக்கின்றன. பூசைப் பக்கம் எட்டிப் பார்க்காதவன்கூடத் தன் பங்கு அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துவான். அப்புறம், சாமியார் பற்றாக்குறையால் பல பங்குகளில் பூசை வைப்பவர் கேரளத்துக்காரராகவோ நைஜீரியராகவோ இருக்கிறார். ஒரு காலத்தில் உலகெங்கும் மறைபரப்பாளர்களை அனுப்பிய நாடு இது.