சோறு குறைச்சதும் தலைவலி, வீட்டிலும் பேச்சு

சோறு நிறுத்தி மூணு நாளா தலைவலி, "சோறு திங்காததுதான் காரணம்"னு மாமியார் சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. பாதி சரி. மாவுச்சத்து குறைஞ்சா இன்சுலின் இறங்கும், சிறுநீரகம் உப்பை அதிகமா வெளியேத்தும். தலைவலி பெரும்பாலும் அதனாலதான். பிபி, கிட்னி தொந்தரவு இல்லேன்னா நீர்மோர்ல கால் டீஸ்பூன் உப்பு போட்டுக் குடிங்க.

தனிச் சமையல் வேண்டாம், சண்டையே அங்கதான் ஆரம்பிக்கும். அதே மீன் குழம்பு, அதே கீரை. பொரியலை மூணு கரண்டியாக்கி, சோத்தை ஒரு கைப்பிடிக்கு இறக்குங்க. 100 கிராம் சோத்துல மாவுச்சத்து சுமார் 28 கிராம். ஒரு முட்டையில 1 கிராம்கூட தேறாது.

நீங்க வாங்கின 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. பெரும்பாலும் முதல் பொருளே மைதாவா இருக்கும், சிலதுல மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்துல இருந்து எடுக்கிற பொடி, இதுவும் ரத்தச் சர்க்கரையை ஏத்தும்) வேற. அதுக்கு வறுத்த வேர்க்கடலை எவ்வளவோ தேவலாம்.

கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுக்கிறீங்கன்னா, டாக்டர்கிட்ட டோஸ் பேசாம இதைத் தொடராதீங்க. சர்க்கரை சடார்னு இறங்கிடும்.