மதுரைக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். நாடகம், கச்சேரி, நாலு பேர் பழக்கம் எதுவுமே இங்கே இல்லையா?

ஆறு மாதமாகச் சனி, ஞாயிறு வந்தால் சினிமா, அதை விட்டால் சாப்பாட்டுக் கடை, அதையும் விட்டால் அறைக்குள் போன். ஆள் பழக்கத்தை எப்படித்தான் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் சுருக்கென்றது. அந்த 'எதுவுமே'தான்.

நீங்கள் சென்னையில் வளர்ந்தவராக இருக்க வேண்டும். டிக்கெட் எடுத்து, ஏழு மணிக்கு உட்கார்ந்து, ஒன்பதுக்கு எழுந்து போய்ப் பழகியவர். இங்கே வந்து போனில் தேடியிருப்பீர்கள், ஒன்றும் அகப்பட்டிருக்காது. தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள்.

கச்சேரிக்குப் பதில் சுலபம். தல்லாகுளத்தில் லட்சுமி சுந்தரம் ஹால் இருக்கிறது, சத்குரு சங்கீத சமாஜம் இருக்கிறது. போய் உறுப்பினராகச் சேருங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்த ஊர் இது, மணி ஐயரும் சோமுவும் பெயருக்கு முன்னால் சுமந்த ஊர். என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் அதைப் பற்றி எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது நாடகம். அதுவும் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்த நாடகம்.

என் தாய்மாமா ஆர்மோனியக்காரர். முப்பத்தைந்து வருடம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு வாசித்தார். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் 'மாமா மியூசிக் டீச்சர்' என்று சொல்லிவிடுவேன். நாடகக்காரர் என்றால் வாடகைக்கு வீடு கொடுக்கவே யோசித்த காலம் அது. அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது. இந்தப் பதில் நீளப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. திருவிழாவுக்கு நாடகம் வைக்க நினைக்கும் ஊர்க்காரர்கள் ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), நாரதர், பபூன் (கோமாளி), டான்ஸ் (அவரோடு ஆடும் பெண்) என்று ஆளாளாகப் பேசி முன்பணம் கொடுப்பார்கள். ஒருவர் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஒருவர் திண்டுக்கல்லிலிருந்து. ஆர்மோனியம், மிருதங்கம், மற்ற தாளச் சத்தங்களைப் போடும் ஆல்ரவுண்ட் எல்லாம் தனித்தனி. ராத்திரி மேக்கப் போடும்போதுதான் சில பேர் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய நடக்கும்.

ஒத்திகை இல்லாமல் இது எப்படிச் சாத்தியம் என்றால், எல்லோருக்கும் பாடம் ஒன்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அத்தனை பேருக்கும் தலைகீழ்ப் பாடம். அவர் 1918-ல் மதுரையில்தான் பையன்களை வைத்து தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். பின்னாளில் நாடகத்தில் பெயர் வாங்கிய டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்த பையன்கள். பாட்டு அவருடையது, நடுவில் வரும் வசனமும் வம்பும் அன்றைக்கு மேடையில் நிற்கிறவர்களின் சாமர்த்தியம். முருகன் ஒன்று கேட்பார், வள்ளி மடக்குவாள். அந்தத் தர்க்கம் ஒரு மணி நேரமும் போகும், மூன்று மணி நேரமும் போகும். இத்தனையையும் கட்டி இழுத்துக்கொண்டு போகிறவர் ஆர்மோனியக்காரர்.

எனக்குப் பதினாறு வயது. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம், வள்ளி திருமணம். அன்று முருகனாக வந்தவருக்குத் தொடர்ந்து மூன்றாவது ராத்திரி. முதல் பாட்டிலேயே மேலே போகும்போது குரல் கிழிந்தது. நான் மாமாவுக்குப் பின்னால் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாட்டின் கடைசி வரியை இன்னொரு தரம் சுற்றிக்கொண்டு வந்தார். கொண்டுவந்து விட்ட இடம் சுருதியில் அரைக்கட்டை கீழே. நடிகர் அந்தச் சுருதியில் சட்டென்று ஏறிக்கொண்டார். உச்சத்துக்குப் போக வேண்டிய இடத்தில் மாமாவே பின்பாட்டாகப் பாட, நடிகர் கையை மட்டும் உயர்த்தினார். கீழே பாயில் இருந்த ஒரு பாட்டி 'முருகா' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. மிருதங்கக்காரர் மட்டும் மாமாவை முறைத்தார். அவர் வாத்தியம் பழைய சுருதியிலேயே நின்றுவிட்டதே! அடுத்த வசனத்துக்குள் அதைத் தட்டிச் சரிசெய்ய அவர் பட்ட பாடு எனக்கு மட்டும் தெரிந்தது.

விடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் அந்த நடிகர் மாமாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, இனிமேல் என் முட்டாள்தனம். எட்டு வருடத்துக்கு முன், ஊருக்குள் இருக்கும் படித்த ஜனமும் இதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. நகருக்குள் ஒரு ஹாலை எடுத்தேன் (எந்த ஹால் என்று கேட்காதீர்கள்). முந்நூறு நாற்காலி. மாமாதான் ஆர்மோனியம், அப்போது அவருக்கு எழுபத்தொன்று. வள்ளி திருமணம், மாலை ஆறரை முதல் எட்டரை வரை, அனுமதி இலவசம் என்று நோட்டீஸ் அடித்தேன். மாமா நோட்டீஸை வாங்கித் தூரப் பிடித்துப் படித்துவிட்டு, "ஏன்டா மாப்ள, எட்டரைக்குள்ள பபூனே இறங்க மாட்டானேடா" என்றார். நான் சிரித்துவிட்டு விட்டேன்.

வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆட்கள் வரட்டும் என்று காத்திருந்து ஏழு மணிக்குத் திரை விலகியது. பபூன் வந்தார். தனியாகப் பாடினார், கதை சொன்னார், முன்வரிசையில் இருந்த என் மேனேஜரைக் கிண்டலடித்தார். அப்புறம் டான்ஸ் வந்து இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முக்கால் மணி நேரம். கைதட்டல் வந்தால் நாடகக்காரர் நிறுத்த மாட்டார், நிறுத்தச் சொல்லவும் கூடாது. எட்டேகாலுக்கு வள்ளி வந்து ஆலோலம் பாட ஆரம்பித்தபோது ஹால்காரர் என் தோளைத் தொட்டு, "சார், எட்டரைக்கு லைட்ட அணைச்சிருவோம், காலைல முகூர்த்தம் இருக்கு" என்றார். கெஞ்சினேன். கூடுதல் பணம் தருகிறேன் என்றேன். சரியாக எட்டு முப்பத்தைந்துக்கு மேடை விளக்கு போனது, மைக்கும் போனது. முருகன் வேடன் வேஷத்தில் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார். அவர் இன்னும் மேடைக்கே வரவில்லை.

ஜனம் எழுந்து போய்விட்டது. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நான் யாருடைய முகத்தையும் பார்க்காமல் நாற்காலி வாடகைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வேனில் ஏற்ற வைத்திருந்த ஆர்மோனியத்தைத் திறந்து, அங்கேயே சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "வேடனை வரச் சொல்லுடா" என்றார். மைக் இல்லாமல் நடந்தது. மைக் வராத காலத்தில் நாலு கட்டை, ஐந்து கட்டை என்று உயர்ந்த சுருதியில் பாடினார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கொட்டகையின் கடைசி ஆளுக்குக் கேட்க வேண்டுமே. வண்டியை எடுக்க வந்தவர்களில் பன்னிரண்டு பேர் வண்டியை எடுக்கவில்லை. வாட்ச்மேன் பதின்மூன்றாவது ஆள். தர்க்கம் பத்தரை வரை போனது.

அந்தப் பன்னிரண்டில் ஒன்பது பேரோடு எனக்கு இன்றைக்கும் பழக்கம். ஒருவர் பல் டாக்டர், ஒரு அம்மா தபால் ஆபீஸ், இன்னொருவர் என் மேனேஜரேதான். ஒருவர் வேலையாக ஹைதராபாத்திலிருந்து வந்தவர், தமிழ் பாதிதான் புரியும். நீங்கள் கேட்ட 'ஆள் பழக்கம்' எனக்கு இப்படித்தான் வந்தது. மாசி முதல் ஆடி வரை யாராவது ஒருவர் 'இன்னைக்கு இன்ன ஊர்ல நாடகம்' என்று செய்தி அனுப்புவார், ஒரு காரில் அடைத்துக்கொண்டு போவோம்.

இதற்குக் கீழே சிலர் வந்து 'பபூன், டான்ஸ் எல்லாம் ஒரே ஆபாசம்' என்று எழுதுவார்கள் என்று தெரியும். சில ராத்திரி கொச்சை அதிகம்தான், மறுக்கவில்லை. என் மனைவி ஒரு தடவை வந்து இரண்டு மணிக்கே காரில் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்காக விடியற்காலை மூன்று மணிக்கு ஸ்திரீபார்ட் எடுக்கும் விருத்தம் ஆபாசமாகிவிடாது. இன்னொரு கட்சி சத்தத்தைப் பற்றிப் பேசும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் வருட விதி இருக்கிறது, திருவிழாவுக்கு விலக்குக் கொடுத்தாலும் 12 மணி வரைதான், அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் இல்லை. என் வீட்டு வாசலில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டினால் நானே போலீசுக்குப் போன் போடுவேன். ஆனால் விடியும் வரை நடக்கிற நாடகம் பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டும் என்றால் முருகனுக்குக் கல்யாணமே நடக்காது. ஊர்க்காரர்கள் நாடகத்துக்கு நாடகம் அனுமதி கேட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்கிறார்கள்.

இதே ஜனம் கல்யாண ரிசப்ஷனில் வாயைத் திறப்பதில்லை. அங்கே கச்சேரி என்ற பெயரில் ஆளுயர ஸ்பீக்கர் நாலு. பக்கத்து இலையில் இருக்கும் சித்தப்பாவிடம் பத்து வருடம் கழித்து இரண்டு வார்த்தை பேசலாம் என்றால் சைகைதான். போதாததற்கு மேடை மேல் போட்டோக்காரர்கள் ஆறு பேர், மாப்பிள்ளையின் முதுகைக்கூடப் பார்க்க முடியாது. வாசிக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, நன்றாகத்தான் வாசிக்கிறார்கள். யாரும் கேட்பதில்லை, நிறுத்தவும் விடுவதில்லை. எங்கேயோ போய்விட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போனில் தேடுவதை விடுங்கள். சுண்ணாம்புக்காரத் தெருவில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. ஒரு மாலையில் அந்தப் பக்கம் போய், சுவரில் நடிகர் படங்களோடு ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் படியுங்கள். அங்கே நிற்கிற யாரிடமாவது "அண்ணே, இன்னைக்கு எங்க நாடகம்?" என்று கேளுங்கள். சொல்லுவார்கள், பஸ் நம்பரும் சேர்த்து. உட்கார ஒரு பாய், பனிக்கு ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பபூன் முன்வரிசைக்காரர்களைத்தான் பிடிப்பார், முதல் தடவை கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.