அனிமல் கிராஸிங் விளையாட்டில் செர்ரிப்பூ இதழ்கள் ஏன் திடீரென மறைந்துவிட்டன?

ஏப்ரல் நடுவில் விளையாட்டைத் திறந்ததால் இதழ் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று கும்பகோணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 2020 மார்ச்சில் வெளியான ‘அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ்’ என்ற வீடியோ விளையாட்டு, நீங்கள் விளையாடும் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் கடிகாரத்தைப் பின்பற்றியே பருவங்களை மாற்றுகிறது; எனவே விளையாட்டில் வட அரைக்கோளத்தைத் தேர்ந்தெடுத்து அமைத்த தீவில் செர்ரி பூக்கும் காலம் ஏப்ரல் 1 முதல் 10 வரை மட்டுமே. சம்பா அறுவடை முடிந்து, தரிசில் விதைத்த உளுந்தும் பறித்தாகிவிட்ட நம் சித்திரை வெயிலுக்கும் அந்த ஜப்பானிய வசந்தத்துக்கும் தொடர்பில்லாததால், நம் ஊர்ப் பருவத்தை வைத்துக் கணக்கிடுவது பயன் தராது.

இதழ்கள் மரத்தில் இருப்பவை அல்ல. இளஞ்சிவப்பாகக் காற்றில் மிதந்து வருபவற்றை, ஓடாமல் நின்று, அருகில் வந்ததும் வலையை வீசிப் பிடிக்க வேண்டும். இதழ்களைக் கொண்டு பொருள்கள் செய்யக் கற்றுத்தரும் செய்முறை அட்டைகளோ பலூன்களில் வரும். அவற்றைக் கவணால் அடித்து வீழ்த்த வேண்டும்.

கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பினால் விளையாட்டில் லாபத்துக்கு விற்க நீங்கள் வாங்கி வைத்திருக்கும் டர்னிப் கிழங்குகள் அழுகிவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தென் அரைக்கோளத் தீவு வைத்திருக்கும் நண்பர் எவரேனும் இருந்தால், அங்கே அக்டோபர் 1 முதல் 10 வரை இதே பூக்காலம் வரும். அப்போது சென்று சேகரித்துக்கொள்ளுங்கள்.