அலபாமாவில் அலை தேடுவது

அன்புள்ள சார்,

ஹன்ட்ஸ்வில்லுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. மகளுக்குப் பள்ளியில் அலபாமா பற்றி ஒரு புராஜெக்ட். இங்கே பிறந்த பெரிய மனிதர்களில் யாரைப் பற்றி எழுதச் சொல்லலாம்? 'அலபாமா' என்றால் 'இங்கே இளைப்பாறுவோம்' என்று அர்த்தமாம். அதில் நம் 'அலை' ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த அலையை விடுங்கள். எந்த ஊர்ப் பெயரைக் கண்டாலும் பிய்த்துப் போட்டுத் தமிழைத் தேடும் இந்த வியாதி எப்போது தீருமோ! அங்கே இருந்தவர்களுக்கும் ஒரு பாஷை இருந்தது, ஐயா. அலபாமா ஒரு பழங்குடியின் பெயர். சாக்டா மொழியில் 'புதர் வெட்டித் திருத்துகிறவர்கள்' என்று பொருள் சொல்கிறார்கள். 'இளைப்பாறுவோம்' என்பது 19-ஆம் நூற்றாண்டுக் கட்டுக்கதை. அதை 1868 முதல் 1939 வரை மாநில முத்திரையிலேயே பொறித்திருந்தார்கள். இளைப்பாற விட்டார்களா? 1814-இல் ஹார்ஸ்ஷூ பெண்டில் அமெரிக்கப் படையோடு நடந்த ஒரு சண்டையில் மட்டும், இங்கிருந்த மஸ்கோகிப் பழங்குடி வீரர்கள் 800-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1830-களில் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரை மிஸிஸிப்பிக்கு மேற்கே துரத்தினார்கள்.

இதெல்லாம் சில நாட்களாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது, உங்கள் கடிதம் வந்தது. சில வருடம் முன்பு ஒரு நண்பர் என்னை உங்கள் மாநிலத்து வெட்டம்ப்கா என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். பாலத்தடியில் கூசா ஆறு. ஊர்ப் பெயருக்கு மஸ்கோகியில் 'இரைகிற தண்ணீர்'. பாலத்தில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. கரையில் தூண்டில் போட்டிருந்த பெரியவர் 'பொறு' என்பதுபோல் விரலைத் தூக்கினார். லாரி போனது. இரைச்சல் வந்தது. மேலே அணை கட்டியும் அடங்காத தண்ணீர்.

அப்புறம்தான் வரைபடத்தில் பார்த்தேன், ஓக்லஹோமாவிலும் ஒரு வெட்டம்கா, ஒரு யுஃபாலா. துரத்தப்பட்டவர்கள் பெயர்களையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். லோச்சபோகா என்ற மஸ்கோகி ஊர் மக்கள் தங்கள் ஊர்த் தீயின் சாம்பலைச் சுமந்துபோய், 1836-இல் ஓர் ஓக் மரத்தடியில் புதுத் தீ மூட்டினார்கள். அதுதான் ஓக்லஹோமாவில் இன்றைய டல்சா நகரம். பெயருக்குப் பொருள் 'பழைய ஊர்'. முன்பின் பார்த்திராத மண்ணில் போய் நின்றுகொண்டு, பழைய ஊர்!

பெரிய மனிதர்களா? ஹெலன் கெல்லர், ரோசா பார்க்ஸ் என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதும். ஹெலன் பிறந்த டஸ்கம்பியா, ரோசா பிறந்த டஸ்கீகி, இவை யாருடைய பெயர்கள் என்று உங்கள் மகள் எழுதட்டும். கெட்டிக்காரக் குழந்தையாகத்தான் இருப்பாள், அப்பாவின் அலையில் மட்டும் அவளை இழுத்துவிடாதீர்கள். காரில் மூன்று மணி நேரம்தான், ஒரு சனிக்கிழமை வெட்டம்ப்காவுக்குக் கூட்டிப்போங்கள். லாரி கடந்து போகும்வரை இருவரும் பேசாமல் நில்லுங்கள்.